கொம்பும் காலும்

கணிப்பொறியில் எழுத்து மாற்றும் தொழிலைப் பற்றி இத்தமிழ்ப் பகுதியில் எழுதுதல் பொருந்துமோ என்று யாம் சிறிது தயங்கினோம். வகுப்பில் புணர்ச்சி விதிகளை நெட்டுருச் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே அவற்றை மறந்த கூட்டத்தில் யாமும் சேர்ந்தவரே. ஆயினும், அவ்விதிகள் பல்லாண்டு கழித்து மீமிசல் கடற்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் எம்மைத் தேடிவந்து பிடித்தனவாகலின், அவ்வரலாற்றை எம் கலாசாலை அன்பர்களுக்குச் சொல்லாது விடுதல் தகாது என்று துணிந்தோம்.

மீமிசல், புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் வட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் அமைந்த ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்தைக் கடந்து தெற்கே தொண்டிக்குச் செல்வோர் இவ்வூரைக் காணாமற் செல்ல இயலாது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகும் முன்னர் இப்பகுதி தஞ்சையைச் சேர்ந்திருந்தது. எம் இளமையில் எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் இவ்வூரிலேயே வாழ்ந்தார். பள்ளிக்கூடம் விட்டபின் அவர் நேரே வீடு செல்வதில்லை, கரைக்குச் செல்வார். வலை பொத்துவோர் அருகே அமர்ந்து, அவர் பேசும் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். காற்றின் பெயர், நீவாட்டின் பெயர், மீனின் பெயர், வலையின் உறுப்புகளின் பெயர் என்று முப்பதாண்டு அவர் திரட்டியவை பல குறிப்பேடுகளாயின. கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைச் சோழகம் என்றும் கடலோர மக்கள் வழங்குவதை யாம் முதன்முதல் அவர் வாயிலாகவே அறிந்தோம். பிற்காலத்தில் அவர் அவற்றையெல்லாம் அகர வரிசைப்படுத்தி, 2003இல் அறந்தாங்கியில் ஒரு தட்டச்சுக் கடையில் கணிப்பொறியில் ஏற்றுவித்தார். அச்சிடப் பணம் கூடவில்லை. கோப்பு ஒரு குறுந்தகட்டில் அடங்கி, அலமாரியில் கிடந்தது.

ஆசிரியர் மறைந்தபின், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியலில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் அலைத்துச் சென்றதை யாவரும் அறிவர். அவ்வீட்டின் ஓட்டுக்கூரை பறந்தது. குறிப்பேடுகள் இரண்டு நாள் மழையில் ஊறின. உலர்த்தி எடுத்தபோது மையெல்லாம் ஒரே நீலமாய்க் கரைந்திருந்தது. எஞ்சியது குறுந்தகடு ஒன்றே. ஆசிரியரின் துணைவியார் அதனைத் துணியில் சுற்றி வைத்திருந்து, யாம் சென்ற ஒரு விடுமுறையில் எம் கையில் கொடுத்து, “தம்பி, அவர் எழுதினது இதுக்குள்ளே இருக்கா, இல்லையா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு” என்றார்.

திறந்து பார்த்தோம். 312 பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பொருளற்றுக் கிடந்தன. ஒரு தமிழ் எழுத்தேனும் இல்லை. அம்மையார் திரையைப் பார்த்தார், எம் முகத்தைப் பார்த்தார், உள்ளே சென்றுவிட்டார்.

அக்கோப்பு பாமினி என்னும் எழுத்துருவில் அடிக்கப்பெற்றது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல ஒரு தந்திரத்தால் இயங்கின. கணிப்பொறி அறிந்ததோ ஆங்கில எழுத்து. அதன் முகத்தின்மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல், பொறியின் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளே. முகமூடியாகிய எழுத்துரு இல்லாத பொறியில் திறந்தால் அவ்வைந்தும் அம்மணமாய் நிற்கும். ஒவ்வோர் எழுத்துருவிற்கும் ஒட்டுமுறை வேறு. இக்குழப்பத்தைக் களையவே உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிக்கோடு எழுந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. எனினும் அது தமிழ்நாட்டு மேசைகளுக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் சென்றன. தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் அடிக்கப்பெற்ற ஊர் வரலாறுகளும், சங்க மலர்களும், ஆராய்ச்சிக் கட்டுரைகளும் முகமூடி இழந்து எத்தனை அலமாரிகளில் கிடக்கின்றனவோ! 1998இல் கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தாம் முன்னர் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிக்கோட்டிற்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இத்தகைய மாற்றத்திற்கு ஆயத்த கருவிகள் உண்டு. யாமும் முதலில் அவற்றையே நாடினோம். ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு மீனின் பெயருக்கும் எதிரே அதன் இலத்தீன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவித்திருந்தார். கருவி அதனையும் தமிழென்று எண்ணி மாற்றி, எம்மொழியிலும் இல்லாத சொற்களைப் பொழிந்தது. ஆகவே பைத்தான் என்னும் கணிமொழியில் யாமே விதிகளை எழுதுவோம் என்று அமர்ந்தோம்.

அவ்விதிகளை ஆங்கிலத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். யாம் ஈண்டு வடிவச் சூத்திரம் என்போம். இதன் கணிதத்தை வகுத்தவர் ஸ்டீவன் கிளீனி என்னும் அமெரிக்க அறிஞர். அவர் கட்டுரை 1956இல் நூலேறியது. அதனைக் கணிப்பொறியில் எழுத்துத் தேடும் கருவியாக்கியவர் கென் தாம்சன். அவர் முறை 1968இல் வெளிவந்தது. 1987இல் லாரி வால் இயற்றிய பெர்ல் மொழியால் இது பாரெங்கும் பரவிற்று. பெயர் அச்சுறுத்தினும் பொருள் எளிது. ‘இன்ன வடிவம் இன்ன சூழலில் வரின் அதனை இன்னவாறு திரிக்க’ என்பதே ஒவ்வொரு சூத்திரமும். நன்னூல் கற்றவர்க்கு இதில் புதுமை யாது? மகர ஈற்றின்முன் இன்ன எழுத்து வரின் மகரம் கெடும், இன்னது வரின் இனவெழுத்தாய்த் திரியும் என்று பவணந்தியார் வகுத்தது இந்நெறியே. நிலைமொழி, வருமொழி என்று யாம் வகுப்பில் கொட்டாவியோடு கேட்டவற்றைப் பொறியாளர் ‘பின்னோக்கு’, ‘முன்னோக்கு’ என்று வேறு பெயரிட்டு வழங்குகின்றனர்.

முதல் இடையூறு கொம்பினால் வந்தது. பழைய எழுத்துருக்களில் எழுத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அடிப்பர். ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பின் ககரம், பின் கால். யூனிக்கோட்டிலோ ககரம் முதலில் நிற்கும். ஒகரக்குறி ஒன்றே அதனைத் தொடரும். கொம்பையும் காலையும் இருபுறமும் பூட்டுவது திரையின் பொறுப்பு. ஆகையால், ‘கொம்பு, யாதேனும் ஓர் எழுத்து, கால்’ என்னும் மூன்றைக் கண்டால், நடுவெழுத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதனை முன்னிறுத்தி, ஒகரக்குறியைப் பின்னிறுத்துக என்பது சூத்திரம். ‘கொம்பு, யாதேனும் ஓர் எழுத்து’ என்னும் இரண்டை மட்டும் கண்டால் எகரக்குறி. இவ்விரண்டில் பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னும் வைத்தல் வேண்டும். யாம் அவசரத்தில் சிறியதை முதலில் வைத்தோம்.

விளைவு விந்தையானது. திரையில் ஒரு பிழையும் தோன்றவில்லை. 312 பக்கமும் பளிச்சென்று தமிழாயின. யாம் பெருமிதத்தோடு அம்மையாரை அழைத்தோம். அவர் வந்து அமர்ந்து, சிறிது படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொண்டல் எங்கே இருக்குன்னு பாரு, தம்பி. அதுக்குத்தான் ரொம்ப நாள் அலைஞ்சார்” என்றார். தேடற் கட்டத்தில் ‘கொண்டல்’ என்று அடித்தோம். அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது பொறி. கண்ணெதிரே அதே பக்கத்தில் கொண்டல் நின்றுகொண்டிருந்தது! எமது சிறிய சூத்திரம் முந்திக்கொண்டு ககரத்தோடு எகரக்குறியைச் சேர்த்துவிட, கால் தனியே பின்னால் ஒட்டியிருந்தது. எகரக்குறியும் காலும் அடுத்தடுத்து நின்றால் திரை அதனைக் கொகரமாகவே காட்டும். தேடும் பொறியோ இரண்டு குறியும் ஒரு குறியும் ஒன்றென்று தானாக அறியாது. இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் ‘இயல்பாக்கம்’ என்னும் முறை யூனிக்கோட்டாரே வகுத்ததுண்டு. அதனையும் ஏவி, சூத்திரங்களின் வரிசையையும் மாற்றினோம். அதன்பின் கொண்டல் பதினோரிடத்தில் அகப்பட்டது. அச்சில் பிழையின்றித் தோன்றி, தேடுவோர்க்கு மட்டும் அகப்படாது ஒளிந்திருக்கும் பிழையைப் போல் கொடியது வேறில்லை என்று அன்று எமக்குத் தோன்றிற்று. அம்மையார் அச்சொல்லைக் கேட்டிராவிடில் யாம் அறிந்தே இரோம்.

ரகரத்தின் செய்தி இனியது. பனையோலைச் சுவடிகளில் புள்ளியும் இராது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். படிப்பவர் பொருள் நோக்கித் தெளிதல் வேண்டும். ஏடு பதிப்பித்த பெரியோர் பட்ட துன்பத்தில் இதுவும் ஒன்று. அந்த ஓலை வழக்கம் பாமினியிலும் புகுந்து கிடப்பதைக் கண்டு வியந்தோம். அதில் ‘ர்’ என்பதற்குத் தனிக்குறி இல்லை. காலின்மேல் புள்ளி வைத்தே அடிப்பர். ‘ரி’யும் அவ்வாறே, காலின்மேல் விலங்கு. ஆயினும் இங்கு ஐயத்திற்கு இடமில்லை. கால் என்பது ஒருநாளும் புள்ளி ஏற்காது; புள்ளி ஏற்றால் அது ரகரமே. ‘காலை அடுத்துப் புள்ளியோ மேல்விலங்கோ வரின் ரகரமாகத் திரிக்க’ என்னும் ஒரே சூத்திரம் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரு நொடியில் தீர்த்தது. அதனை எழுதிய மாலையில் யாம் எம்மையே பவணந்தியாராக எண்ணிக்கொண்டதை ஒளிப்பதில் பயனில்லை.

ளகரம் அவ்விறுமாப்பை அடக்கிற்று. ஔகாரம் ஏறிய எழுத்தைப் பாமினியில் கொம்பு, எழுத்து, ளகரம் என்று அடிப்பர். ‘பௌர்ணமி’யில் உள்ள ‘பௌ’வும், ‘கெளிறு’ என்னும் முள் மீனின் ‘கெள’வும் உள்ளே ஒரே வடிவின. யாம் எழுதிய சூத்திரம் கெளிற்றைப் பிடித்து ஔகாரமாக்கி, அதன் தலையில் ஓர் இகர விலங்கையும் தொங்கவிட்டது. அதற்கு மருந்து முன்னோக்கு: ளகரத்தின் பின் விலங்கோ, புள்ளியோ, காலோ வரின் அது உண்மை ளகரம், தொடாதே. இதனால் 63 இடங்களில் 41 இடங்கள் தெளிந்தன. எஞ்சிய 22 இடங்களுக்குச் சூத்திரம் கிடைக்கவில்லை. ‘வௌவால்’ என்னும் மீனையும், ‘வெளறிய நீர்’ என்னும் தொடரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொம்பு, வகரம், ளகரம், அதன்பின் குறியேறாத ஓர் எழுத்தோ வேறெழுத்தோ. வடிவத்தில் வேற்றுமையே இல்லை. ஒன்று ஔகாரம் என்றும் மற்றது ளகரம் என்றும் அறிவது தமிழ் அறிந்தவர் காதே ஒழிய, பொறி அன்று. பழைய ஏடுகளில் ஒரே கொம்பு எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் நின்று மயக்கியதும், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பை இரட்டித்து அம்மயக்கத்தைத் தீர்த்ததும் நினைவிற்கு வந்தன. அவர் எழுதுவோருக்கு வழி செய்தார். முன்பே எழுதப்பட்டுப் போனவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது.

வேறு சிறு விபத்துகளும் உண்டு. ஆசிரியர் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே அதனைக் கேட்ட ஊரைப் பிறைக்குறிக்குள் எழுதியிருந்தார். ஊர்ப்பெயர்களைத் தனியே எடுக்க எண்ணி, ‘திறக்கும் பிறை, எதுவாயினும் எத்தனையாயினும், மூடும் பிறை’ என்று சூத்திரம் வகுத்தோம். ‘எத்தனையாயினும்’ என்பதைப் பொறி பேராசையோடு கொள்ளுமாம். பொறியாளரே அதனைப் பேராசை என்றுதான் பெயரிட்டிருக்கின்றனர். பத்தியின் முதற்பிறையில் தொடங்கி இறுதிப் பிறைவரை, இடையிலிருந்த நான்கு சொற்களையும் விளக்கங்களையும் ஒரே ஊராக எண்ணி விழுங்கிற்று. ஒரு வினாக்குறியைச் சேர்த்தால் ஆசை அடங்கும். மற்றொன்று: சொற்களை எண்ணச் சொன்னோம். பைத்தானோடு வரும் சூத்திரப் பகுதி, சொல்லெழுத்துகள் எவை என்னும் கணக்கில் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. ஆகவே ‘கொண்டல்’ அதற்கு ஒரு சொல் அன்று. ககரம் ஒன்று, ணகரம் ஒன்று, டகர லகரம் சேர்ந்து ஒன்று என மூன்று சொல். மாத்யூ பார்னெட் என்பார் இயற்றிய தனிப்பகுதியை வருவித்த பின்னரே எண்ணிக்கை நேர்ப்பட்டது. மேனாட்டார் தம் எழுத்தை மனத்திற்கொண்டு செய்த அளவுகோலால் எம் எழுத்தை அளக்க நேர்ந்தால் இவ்வாறே முடியும். குறைகூறிப் பயனென்ன, தமிழர் நுழைந்து திருத்த வேண்டியது.

இவையெல்லாம் பொறியின் குற்றமும் எம் அவசரமும். இனிச் சொல்லப்போவது எம் குற்றமே.

எழுத்து மாற்றம் முடிந்தபின், எழுத்துப் பிழைகளையும் ஒரு வழியாய்த் திருத்திவிடுவோம் என்று ஆசை பிறந்தது. தட்டச்சு செய்தவர் ழகரமும் ளகரமும் மயங்க அடித்திருப்பதாக எமக்குத் தோன்றியது. ‘சோழகம்’ சிலவிடத்தும் ‘சோளகம்’ பலவிடத்தும் காணப்பட்டன. தமிழ் கற்றவரென்னும் துணிவில், ளகர வடிவங்கள் அனைத்தையும் ழகரமாக்கும் ஒரு சூத்திரம் எழுதினோம். அதனோடு நில்லாமல், இவ்வாறான முப்பது சூத்திரங்களைத் தொடுத்து ஏவி, பழைய கோப்பின்மேலேயே புதியதைச் சேமித்து, அதன்மேல் இரண்டு வாரம் அமர்ந்து கையால் மெய்ப்புத் திருத்தினோம். நூறு படி அச்சிடுவதென்று அம்மையார் தம் கைச்சேமிப்பை எடுத்து வைத்துவிட்டார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், ஆசிரியருக்குச் சொற்களைத் தந்த முதியவர்களுள் எஞ்சியிருந்த ஒரு மீனவப் பெரியவருக்குச் சில பக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டுமென்று அம்மையார் விரும்பினார். கரையில் வள்ளத்தின் நிழலில் அமர்ந்து படித்தோம். தென்காற்றின் பகுதி வந்தது. எம் வாய் பின்வருமாறு படித்தது: ‘சோழகம் என்பது ஏட்டு வழக்கு. கரையில் யான் கேட்டது சோழகம் என்றே.’

பெரியவர் சிரித்தார். “வாத்தியார் ஐயா ஒரே சொல்லை ரெண்டு தடவை எழுதுற ஆளில்லையே, தம்பி. நான் எப்படிச் சொன்னேன்னு ஏழெட்டுத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுத்தானே எழுதுவாரு” என்றார்.

எமக்கு உடல் வியர்த்தது. அது தட்டச்சுப் பிழை அன்று. ஆசிரியர் காதாற் கேட்டதைக் கேட்டவாறே பதிந்த இடம். எவ்வூரில் ழகரம், எவ்வூரில் ளகரம் என்று பிறைக்குறிக்குள் ஊரும் குறித்திருந்தார். அவர் முப்பதாண்டு கேட்டதை எம் சூத்திரம் ஒரு நொடியில் கேளாததாக்கிவிட்டது. மற்ற இருபத்தொன்பது சூத்திரங்களும் எவ்வெவ் இடத்தில் இதனையே செய்தனவோ, யார் அறிவார்? யாம் படித்துத் திருத்தியபோது அவ்வரி எம் கண்ணில் பட்டும் உறுத்தவில்லை. சொற்கள் இலக்கணமாய் நின்றன. அவ்வளவே எமக்குப் போதுமாயிருந்தது. எம்மை மாணாக்கராகக் கொண்டிருந்த காலத்தில் அவர் இதனைக் கண்டிருந்தால் கையை நீட்டச் சொல்லியிருப்பார்.

குறுந்தகடு சிதையாதிருந்தது எம் நற்பேறு. இரண்டு வாரத்து உழைப்பைக் கைவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை வடிவை மாற்றும் சூத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லைத் திருத்தும் சூத்திரங்கள் முப்பதையும் அழித்தோம். ஒவ்வொரு சூத்திரமும் எத்தனை இடத்தைத் தொட்டது, முன் எப்படி, பின் எப்படி என்று பொறியையே தனித்தாளில் எழுதச் செய்து, அத்தாளை வரி வரியாகப் படித்தோம். படித்துக் கொண்டிருக்கையில் அம்மையாரும் வந்து அமர்வார். ஆசிரியர் இச்சொல்லை இவ்வாறு சொல்லுவார், அவ்வாறு சொல்லுவார் என்று அவர் கூறியவை பல இடங்களில் எம் ஐயத்தைத் தீர்த்தன.

ளகரத்தால் மயங்கிய 22 இடங்களுள் 21 இவ்வாறு தெளிந்தன. ஒன்று மட்டும் தெளியவில்லை. அதற்கு ஆசிரியர் எழுதிய பொருள் ‘வலையின் ஓர் உறுப்பு’ என்பதே. கொம்பு, ஓர் எழுத்து, ளகரம், பின்னும் ஓர் எழுத்து. ஔகாரமாகவும் படிக்கலாம், ளகரமாகவும் படிக்கலாம். பெரியவரிடம் இரண்டு விதமாகவும் ஒலித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, நூல் வலை இருந்த காலத்துச் சொல்லாயிருக்கும் என்றும், நைலான் வலை வந்தபின் அவ்வுறுப்பே இல்லாது போயிருக்கும் என்றும், தம் தகப்பனார் இருந்தால் சொல்லியிருப்பார் என்றும் கூறினார். குறிப்பேட்டில் அப்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தோம். நீலக்கறையன்றி வேறில்லை.

அச்சொல்லை இக்கட்டுரையில் எழுதிக் காட்ட விரும்பினோம். எழுதப் புகுந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஆகலின் எழுதாது விடுகின்றோம். அச்சான நூலில் அவ்விடத்தில் மட்டும், பழைய பாமினி எழுத்தைப் படமாக எடுத்து, கொம்பும் ளகரமும் கிடந்தவாறே ஒட்டச் செய்திருக்கின்றோம்.